கீழவிளைக்குப் பங்காளிகள்

கீழவிளை, உடன்குடி வழி
4.3.1973

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சி கிளாடிஸுக்கு,

அக்காள் கிருபாபாய் எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? உன் வீட்டுக்காரர் தேவபிரசாதம் தம்பிக்கு உப்பளத்து ஆபீஸில் இன்னும் கணக்கு முடிக்கிற நெருக்கடிதானா? நான் ஆண்டவர் தயவால் நடமாடுகிறேன். உன் அத்தானை நீ கிறிஸ்மஸுக்கு வந்தபோது பார்த்தபடிதான். வலது கை தூக்க வரவில்லை. பேச்சில் பாதி எனக்கு மட்டும் விளங்குகிறது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய்.

இந்த ஒன்பது ஏக்கரை இனி நான் ஒருத்தியாகப் பார்க்க முடியாது. ஏழு வருஷத்துக்கு முன்னே இது வெறும் தேரி மணல். ஆடிக்காற்றில் சோற்றுப் பானைக்குள் வந்து விழும். குளத்து வண்டல் கரம்பையை அடித்தோம். கொழுஞ்சியும் சணப்பும் விதைத்துப் பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதோம். அய்யாக்குட்டியின் ஆடுகளை வருஷா வருஷம் வயலில் அடைத்துக் கிடை போட்டோம். என் நோட்டின்படி இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு வண்டி கரம்பை. கிணற்றை ஒட்டின மூன்று ஏக்கரில் சிவப்பு மண் கறுத்து, கையில் எடுத்தால் புட்டு மாதிரி உதிருகிறது. ஆனால் ஒரே ஒரு ஆடிக்குத் தழை மூடாக்கு இல்லாமல் போட்டுவிட்டால் மேல்மண் பறந்து பழையபடி மணலாகிவிடும்.

கூலிக்கு ஆள் வைத்தால் கூலிக்குத்தான் செய்வான். எனக்குப் பங்காளிகள் வேண்டும். முதலில் ஒரு குடும்பம், பிறகு இன்னொன்று. ஆளுக்கு இரண்டு ஏக்கர், வீட்டுக்கு இடம், கிணற்றில் முறை. எங்களுக்குப் பிள்ளையில்லை, எங்களுக்குப் பின் இதை யார் பேணுகிறார்களோ அவர்களுக்கே எழுதி வைப்போம். சீமை உரம் கூடாது, பூச்சி மருந்து கூடாது, விளைந்ததின் தட்டையும் கொடியும் நிலத்துக்கே திரும்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி தொடக்கூடாது. இவ்வளவுதான்.

ஆராதனை முடிந்து சபையில் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள். உரக்கடை வன்னியபெருமாள் சைக்கிளில் ஒரு மூட்டை யூரியாவை வைத்துக்கொண்டு வந்து, “இந்த ஆட்டுப்புழுக்கய கட்டிக்கிட்டு எதுக்குக்கா மாரடிக்கிய, இதுல ஒரு கை வீசுங்க” என்று எனக்கே பிச்சை போடுகிறதுபோல இறக்கினார். அடுத்தவர் ரிட்டயரான ஏசுவடியான். வேலைக்காரர்கள் எங்கே படுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே மூடாக்கின்மேல் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். அவர் போனபிறகு அந்த இடத்துத் தழையை மட்டும் அள்ளி எறிந்தேன்.

தூத்துக்குடியில் நல்ல குடும்பம் தெரிந்தால் சொல்லு. ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

உன் அக்காள்,
கிருபாபாய்

தூத்துக்குடி
22.3.1973

அன்புள்ள அக்காவுக்கு,

கிளாடிஸின் ஸ்தோத்திரங்கள். அத்தானுக்கு நாங்கள் கேட்டதாகச் சொல்லவும். எனக்கு வலி குறையவில்லை. துறைமுக வேலைக்கு ஓடுகிற லாரிகளால் வாசலில் தூசி, கொல்லையில் கிணறு உப்பு. நான் வைத்த முருங்கைகூடக் கருகிவிட்டது. நீ மணலை மண்ணாக்கினாய், நான் மண்ணில் ஒரு கீரை முளைக்க வைக்கவில்லை என்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

இவர் ஆபீஸைவிட்டு இப்போது எங்கள் தெருக்கோடியில் முதலாளி கட்டுகிற பங்களாவில்தான் நிற்கிறார். தை மாதம் முதலாளி மகள் கல்யாணம். அதற்குள் வாசலில் புல்தரை வேண்டுமாம், ரோஜா வேண்டுமாம். வைக்கிற செடியெல்லாம் பத்து நாளில் தீய்ந்து போகிறது. முதலாளி இவரைத்தான் ஏசுகிறார்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மண் கறுத்த இடத்தை இன்னொருதரம் வாசி என்றார். விவசாயத்தில் இவருக்கு இவ்வளவு ஆசை என்று எனக்கே தெரியாது. நல்ல ஆளாகப் பார்த்து அனுப்புகிறேன் என்று சொல்லச் சொன்னார்.

உன் தங்கை,
கிளாடிஸ்

கீழவிளை
30.4.1973

பிரியமான கிளாடிஸுக்கு,

உயிர்த்தெழுந்த திருநாளை நீங்கள் சமாதானமாக ஆசரித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தான் இந்தத் தடவை கோயில்வரை என் தோளைப் பிடித்து நடந்தார்.

இரண்டு குடும்பம் வந்து பார்த்தது. முதலாவது, பெரியதாழை இனிகோவும் அவர் மனைவி ஹில்டாவும். ஹில்டா உடன்குடிச் சந்தையில் கருவாடு விற்கிறவள்; அங்கே கேள்விப்பட்டிருக்கிறாள். விசைப்படகுகள் வந்தபின் இவர்கள் வலை கிழிந்ததுதான் மிச்சமாம், கரையேறிவிட நினைக்கிறார்கள். இனிகோ ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்தார், நாக்கில் வைத்தார். “உப்பில்ல. பெத்த புள்ள மாதிரில்லா வளத்திருக்கிய” என்றார். ஹில்டா, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அறையும், வேலி எங்கே மெலிவு என்று கேட்டாள். ஏழு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆனால் கிளாடிஸ், அந்த வாடை. என்னிடம் காட்ட ஒரு பெட்டி நிறைய மீன்குடலும் செதிளும் கொண்டுவந்திருந்தார்கள், தென்னைக்கு வைக்கிற உரமாம். ஈ மொய்த்து வந்தது. நான் முந்தானையை மூக்கில் வைத்ததை ஹில்டா பார்த்தாள். அவர்கள் உட்கார்ந்த பாயை மூன்று நாள் வெயிலில் போட்டேன். அவர்கள் ரோமன் சபை என்பதையும் எழுத வேண்டும். நம் சபையார் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாவது, தேவபிரசாதம் தம்பி சீட்டுக் கொடுத்து அனுப்பிய பொன்னுதுரை. நம் சபை, வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. குடும்ப ஜெபத்தில் அழகாகப் பாடினார். மண்ணைக் கையால் தொடவில்லை. ஆனால் ஒரு கம்பியை அங்கங்கே குத்தி நல்ல மண் எவ்வளவு ஆழம் என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். கவனமான மனுஷர் என்று எண்ணினேன்.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

கிருபாபாய்

தூத்துக்குடி
12.5.1973

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சுகம்.

பொன்னுதுரையை இவருக்குப் பல வருஷமாகத் தெரியுமாம். லாரி, ஆட்கள் எல்லாம் கைவசம் உள்ளவர். உனக்குக் கரம்பை அடிக்க எவ்வளவு வசதி என்று கேட்கச் சொன்னார். அந்தக் கடற்கரைக்காரர்களை உன் அடுப்படிக்குப் பக்கத்தில் குடிவைத்துவிட்டு நீ எப்படிச் சாப்பிடுவாய்? அத்தானுக்கு ஏற்கெனவே சாப்பாடு இறங்குவதில்லை. யோசித்துச் செய். சீக்கிரம் செய் என்றும் இவர் சொல்கிறார்.

கிளாடிஸ்

கீழவிளை
29.5.1973

பிரியமான தங்கச்சிக்கு,

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் விண்ணப்பம் பண்ணுகிறேன். இந்தக் கடிதத்தை நீ மட்டும் வாசி.

இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரிசை விட்டுப் பதினைந்து நாள் வேலை பார்க்கச் சொன்னேன். பொன்னுதுரை கூலியாள் ஒருவனை அனுப்பினார். அவன் வரப்புக் கட்டிவிட்டுப் போனான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இனிகோவும் ஹில்டாவும் தினமும் முதல் பஸ்ஸில் வந்தார்கள். கிணற்றோரம் ஐம்பது முழ நீளத்துக்குப் பள்ளம் வெட்டி மீன்கழிவைக் கொட்டி, சாம்பல் தூவி, ஆவாரந்தழை பரப்பி மூடினார்கள். மழை விழுந்தால் நாற்பது நாளில் மக்கிவிடும் என்றார்கள். மழைதான் ஐப்பசிக்குமுன் கிடையாதே. வாடை வீட்டுக்குள், தண்ணீர்ப் பானைக்குள், என் வேதப்புத்தகத்துக்குள்கூட ஏறிவிட்டது. கோயிலில் என் பக்கத்தில் உட்காருகிற அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தாள்.

உண்மையை எழுதுகிறேன். என் புத்தி இனிகோ வீட்டாரைச் சொல்லுகிறது. என் மூக்கு பொன்னுதுரையைச் சொல்லுகிறது. இந்த அருவருப்பு ஆவியானவர் எச்சரிப்பா, என் மாம்சத்தின் பெருமையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ராப்பகலாக ஜெபித்தும் தெளியவில்லை. ஆகையால் நம் அம்மா செய்வதுபோலத் திருவுளச்சீட்டுப் போட்டுவிடத் தீர்மானித்தேன். நானே போட்டால் என் கை ஒரு பக்கம் சாயும். நீ போடு. இரண்டு துண்டுத் தாளில் இரண்டு பெயரையும் எழுதி ஒரேமாதிரி மடித்து, வேதப்புத்தகத்தின்மேல் வைத்து, முழங்கால் படியிட்டு ஜெபித்துவிட்டு ஒன்றை எடு. எடுத்த பெயரை எனக்கு எழுது. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

உன்னை நம்பியிருக்கும் அக்காள்,
கிருபாபாய்

தூத்துக்குடி
18.6.1973

அக்காவுக்கு,

சீட்டு எடுத்தேன். பொன்னுதுரை.

கடிதம் தாமதித்ததற்கு மன்னிக்கவும். வீட்டில் வேலை.

கிளாடிஸ்

கீழவிளை
5.7.1973

பிரியமான கிளாடிஸுக்கு,

உன் கடிதத்தில் உன் சுகத்தைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. அத்தானையும் விசாரிக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? பதில் எழுது.

கர்த்தர் காட்டினபடி பொன்னுதுரைக்குக் கிணற்றோரம் இரண்டு ஏக்கர் விட்டேன். நான் எழுதிய நிபந்தனைகளுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டார். குடும்பத்தை ஐப்பசியில் அழைத்து வருவாராம். காற்றுக்குமுன் மூடாக்குப் போட ஆட்களை அனுப்பினார். இந்த ஆடி தப்பித்தோம்.

இனிகோவிடம் சொல்ல நானே பெரியதாழைக்குப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். சீட்டு உங்கள் பெயருக்கு விழவில்லை என்றேன்.

“சாமி முன்னால வச்சா போட்டிய?”

“ஆமாம். ஜெபம் பண்ணித்தான்.”

“அப்பச் சரி” என்றார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வலைக்குத் திரும்பினார். ஹில்டா கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தாள். நான் பாதியிலேயே வைத்துவிட்டு வந்தேன். திரும்புகிற பஸ் முழுவதும் மனசு கூசியது. கர்த்தருடைய தீர்ப்புக்கு நான் ஏன் கூச வேண்டும் என்று என்னையே கடிந்துகொண்டேன்.

கிருபாபாய்

தூத்துக்குடி
22.8.1973

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

சுகம், சுகமறிய ஆவல். இங்கே பக்கவாதத்துக்கு எண்ணெய்ப் பிழிச்சல் செய்கிற வைத்தியர் ஒருவர் வந்திருக்கிறார். பத்து நாள் தொடர்ந்து செய்தால் விரல் மடங்குமாம். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி இரண்டு பேரும் வந்துவிடுங்கள். நிலத்தைப் பொன்னுதுரை பார்த்துக்கொள்வார். அதற்குத்தானே பங்காளி? இவர்தான் கட்டாயம் எழுது என்றார். முழுசாகப் பத்து நாள் இருக்கிறபடி வா.

கிளாடிஸ்

கீழவிளை
24.9.1973

கிளாடிஸுக்கு,

உன் வீட்டில் பத்து நாள் சாப்பிட்டதற்கு நன்றி சொல்லவேண்டியது முறை. அத்தானின் சுண்டுவிரல் மடங்குகிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுப்பக்கம் திரும்பினபோது வழி தவறிவிட்டேன் என்றே நினைத்தேன். கிணறு உயரமாகத் தெரிந்தது. கிட்டப்போனால், சுற்றியிருந்த தரை பள்ளம். இரண்டு ஏக்கர் அல்ல, கறுத்த மண் மூன்று ஏக்கரும் ஒரு முழ ஆழத்துக்குச் சுரண்டப்பட்டு அடிமணல் இளித்துக்கொண்டு கிடக்கிறது. லாரிச் சக்கரத்தில் மண்புழுக்கள் நசுங்கி ஒட்டிக் காய்ந்திருந்தன. அய்யாக்குட்டி சொன்னான், எட்டு நாள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தூத்துக்குடி லாரிகள் வரிசையாக வந்தனவாம். கேட்டதற்கு வாத்தியார் வீட்டுக்குத் தெரியும் என்றார்களாம்.

உன் அத்தான் அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தார். இடது கையால் ஓரத்து மண்ணை நடுவுக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

பொன்னுதுரை நான் கூப்பிட்டனுப்பி மூன்றாம் நாள் வந்தார். அதே வெள்ளைச் சட்டை. என் நிபந்தனைத் தாளைப் பையிலிருந்து எடுத்து விரித்து, “சீம உரம் போட்டேனாக்கா? மருந்து அடிச்சேனா? ஞாயித்துக்கெழம லாரி ஓடல, விசாரிச்சுக்கிடுங்க. மண்ண வெளிய கொண்டுபோவக் கூடாதுன்னு நீங்க எழுதலியே” என்றார். எழுதவில்லை, வாஸ்தவம். சோற்றில் மலம் கலக்கக்கூடாது என்று யாராவது எழுதுவார்களா? என் வீட்டில் அவர் பாடிய பாட்டு ஞாபகம் வந்தது. கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தேன். மீன்குடலுக்குக்கூட எனக்கு வாந்தி வந்ததில்லை.

ஒரே ஒரு வரிசை மட்டும் சுவர்போல நிற்கிறது. இனிகோ கழிவு புதைத்த வரிசை. மழையில்லாமல் மக்காமல் கிடந்ததால், மண்வெட்டி பட்டவுடன் வாடை கிளம்பியதாம். லோடுமேன்கள் தொடமாட்டோம் என்று விட்டுவிட்டார்களாம்.

ஒன்று கேட்கிறேன். தினமும் கோயிலுக்குத் தெருக்கோடி வழியாகப் போகாமல் என்னைச் சுற்றுவழியில் கூட்டிப் போனாயே. மூட்டுவலிக்காரி, எதற்கு அவ்வளவு தூரம் நடந்தாய்?

கிருபாபாய்

தூத்துக்குடி
9.12.1973

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கும் பிறகு நீ போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் எழுதவில்லை. உன் சுகத்தைக் கேட்க எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ என்னை மட்டும் வாசிக்கச் சொன்ன கடிதத்தை இவரிடம் காட்டினேன். அது முதல் தப்பு. சீட்டு எழுதுகிறபோது பக்கத்தில் நின்றார். இரண்டிலும் பொன்னுதுரை பேரையே எழுது என்றார். வேலை போய்விடும் கிளாடிஸ், நாம் தெருவில் நிற்போம் என்றார். எழுதினேன். அப்புறம் நீ சொன்னபடியே வேதப்புத்தகத்தின்மேல் வைத்தேன். முழங்கால் போட்டேன், ஜெபமும் பண்ணினேன் அக்கா. என்ன சொல்லி ஜெபித்தேன் என்று எனக்கு நினைவில்லை. எந்தச் சீட்டை எடுப்பது என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன்.

மண்ணுக்காகத்தான் என்று அப்போது தெரியாது. பொன்னுதுரைக்கு நிலம் கிடைத்தால் இவருக்கு நல்லது என்று மட்டும் தெரியும். நீங்கள் வந்த மூன்றாம் நாள் பங்களா வாசலில் குவியலைப் பார்த்தேன். கறுப்பு மண், உள்ளே கொழுஞ்சித் தண்டும் ஆட்டுப்புழுக்கையும். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். சொல்லாமல் உன்னைச் சுற்றுவழியில் கூட்டிப்போனேன்.

புல் முளைத்தது. ஒரு மாதம் பச்சையாக இருந்தது. உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி இப்போது மண்ணின்மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. எல்லாம் கருகிவிட்டது. முதலாளி இவரை நிறுத்திவிட்டார். இவர் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

வெட்கத்தைவிட்டுக் கேட்கிறேன். கீழவிளையில் எங்களுக்கு ஒரு பங்கு கிடைக்குமா? நான் கரம்பை சுமப்பேன். சாணி அள்ளுவேன்.

கிளாடிஸ்

கீழவிளை
20.1.1974

கிளாடிஸுக்கு,

உன் கடிதம் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் வந்தது. வாசித்துவிட்டு அலமாரியில் போட்டேன். பண்டிகை முழுவதும் அந்த அலமாரியைத் திறக்கவில்லை. அத்தானிடம் சொல்லவில்லை. அவருக்கு நீ இன்னும் சின்னப்பெண்.

உன் புருஷன்பேரில் எனக்குக் கோபம். பொன்னுதுரைபேரில் அருவருப்பு. உன்பேரில் எனக்கு இருப்பதற்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. இரண்டிலும் ஒரே பெயரை எழுதிவிட்டு முழங்காலில் நின்றாய் என்று வாசித்தபோது, சாக்கடையில் திருவிருந்து அப்பம் கிடக்கப் பார்த்ததுபோல இருந்தது. ஆனால் நான் உன்னை மட்டும் திட்டிவிட்டுச் சுத்தமாக உட்கார முடியாது. புத்திக்குத் தெரிந்ததை மூக்கு மறுத்தபோது, அதைத் தீர்க்கிற வேலையைக் கர்த்தர் தலையில் கட்டினேன். அந்தச் சீட்டுக்கு இடம் வைத்தவள் நான்.

இந்த மாதம் பெரியதாழைக்குப் போய் ஹில்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாயைக் காயப்போட்டதைக்கூடச் சொன்னேன். “அது தெரியும். சந்தையில சொன்னாவ” என்றாள். சீட்டு விஷயத்தைச் சொன்னபோது கையிலிருந்த அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டாள்.

“அப்ப எங்க பேரு அதுல இல்லவே இல்லியா?”

“இல்லை.”

பிறகு இனிகோவைப்பற்றிச் சொன்னாள். ஆடி மாதத்திலிருந்து அவர் பூசைக்குப் போனால் கடைசியில் நிற்கிறாராம். நன்மை என்று அவர்கள் சொல்லுகிற நற்கருணையை வாங்க முன்னே போவதில்லை. சாமியாரே கூப்பிட்டுக் கேட்டும் வாய் திறக்கவில்லை. இவளிடம் மட்டும் ஒருநாள், “கடலும் தள்ளிட்டு, சாமியும் தள்ளிட்டாரு. நா என்ன செஞ்சேன்னுதான் வெளங்கல” என்றாராம். அந்தக் கரையில் அப்படி ஒரு மனுஷனைக் குனிய வைத்தது உன் வீட்டு மேசைமேல் கிடந்த இரண்டு தாள் துண்டு.

நானே அவரிடம் சொல்கிறேன் என்று எழுந்தேன். ஹில்டா விடவில்லை. “நீங்க சொன்னா நம்ப மாட்டாவ. விளைக்கு ஆள் இல்ல, அதுக்காவ இப்பச் சொல்லுதாவன்னு நெனப்பாவ. எழுதுன கையி வந்து சொல்லட்டும்” என்றாள்.

இப்போது நிலத்தின் நிலைமையைச் சொல்லுகிறேன். ஐப்பசி மழையில் பள்ளத்தில் தண்ணீர் நின்று ஓரங்கள் இடிந்தன. மிஞ்சின ஒரு வரிசை மக்கிவிட்டது. அதில் ஊன்றின தட்டப்பயறு மட்டும் ஆள் உயரத்துக்குக் கம்பு ஏறி நிற்கிறது. அய்யாக்குட்டி இந்த வருஷம் கிடையை இலவசமாகவே போடுகிறேன் என்றான். ஹில்டா வாரம் மூன்று நாள் பெட்டியோடு வருகிறாள். பள்ளம் வெட்டுகிறாள், நான் தழை சுமக்கிறேன். ஆனால் அவள் ஒருத்தியால் குடியேற முடியாது. இனிகோ வந்தால்தான் குடும்பம் வரும். குடும்பம் வந்தால்தான் அடுத்த ஆடிக்குள் மூன்று ஏக்கரையும் மூட முடியும். இல்லாவிட்டால் அந்தக் காற்றோடு மிச்சமிருக்கிற ஆறு ஏக்கரும் போகும். நாங்கள் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே சாவோம்.

பங்கு கேட்டிருக்கிறாய். இதற்குமுன் நீ கேட்டிருந்தால் நான் மட்டும் பதில் சொல்லியிருப்பேன். இப்போது முடியாது. கிணற்றோர மூன்று ஏக்கரும் இனிகோ, ஹில்டா பெயருக்கு என்று அத்தான் இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மண்ணை ஒரு சட்டிகூட வெளியே எடுக்கக்கூடாது என்று இந்தத் தடவை முதல் வரியிலேயே எழுதினேன். புது ஆளைச் சேர்ப்பதென்றால் எல்லாப் பங்காளியும் சம்மதிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அதை எழுதச் சொன்னவள் ஹில்டா.

ஆகையால் நீ வா. பங்குக்காக அல்ல. சனிக்கிழமை திருச்செந்தூர் வந்து, பெரியதாழை பஸ்ஸைப் பிடி. நான் அங்கே நிற்பேன், ஆனால் உனக்காக வாய் திறக்கமாட்டேன். இனிகோவுக்கு முன்னே நின்று, எத்தனை சீட்டு எழுதினாய், இரண்டிலும் யார் பெயர் என்று நீயே சொல்ல வேண்டும். புருஷன் சொல்லித்தான் செய்தேன் என்று தொடங்காதே. அழுதுகொண்டு சொல்லாதே, அவர் உனக்குத் தேறுதல் சொல்ல உட்கார்ந்துவிடுவார், அப்படிப்பட்ட ஆள்.

அதற்குப்பிறகு உனக்கு இங்கே இடம் உண்டா என்று அவர்களிடம் கேள். அவர்கள் இல்லை என்றால் இல்லை. நான் இதில் ஒரு பங்குதான்.

கிருபாபாய்